ஆறாவது ஆள்

கெம்னிட்ஸில் செவ்வாய்தோறும்
மாலை ஆறரைக்கு ஆங்கிலம் எடுக்கிறேன்.
நாற்பத்தைந்து நிமிடத்துக்கு இருபத்திரண்டு யூரோ.
பக்கத்து அறையில் லீட்ஸிலிருந்து வந்த க்ரெய்க்.
அதே புத்தகம், அதே பக்கம்,
அவனுக்கு இருபத்தாறு.
"அவருக்குத் தாய்மொழி, பாருங்கள்" என்றார்
அலுவலகத்து அம்மாள், பாதி மன்னிப்பாக.
அன்றிரவு ட்ராமில் கழித்துப் பார்த்தேன்.
என் தாய் நான்கு யூரோ குறைவு.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால் "கேட்டு வாங்குடி" என்பாள்,
கேட்டுத்தான் இருபத்திரண்டு என்பது
அவளுக்குத் தெரியாது.

முதலில் காப்பீடு வந்து சாப்பிட்டுப் போகும்.
பிறகு வாடகை.
மிச்சத்தில் நானும்
நாகர்கோவில் வங்கியின் கல்விக்கடனும்
எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.
அது வேகமாகச் சாப்பிடும்.

சேமிப்பு முழுக்க
எதிர்மறை வினையெச்சம்:
ஏறாமல், வாங்காமல்,
ஹீட்டரை இரண்டுக்கு மேல் திருகாமல்,
ஆகஸ்டில் வகுப்பே இல்லாமல்.
வங்கிச் செயலியில் தனிக் கணக்கொன்று திறந்தபோது
பெயர் வைக்கச் சொன்னது.
விடுமுறை, கார், கல்யாணம் என்று
அதுவே சில பெயர் நீட்டியது.
நான் 'தொடாதே' என்று தட்டினேன்.
மாதம் எண்பது. போன மாதம் முப்பத்தைந்து.
இரண்டு முறை தொட்டிருக்கிறேன்,
ஒருமுறை பல்லுக்காக.

கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்
அப்பாவோடு டிப்போவில் வேலை பார்த்த
கண்டக்டர் ஞானசிகாமணி.
மாதம் ஐந்தாம் தேதி அழைப்பார்.
பணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"அங்கே குளிர் எப்படிம்மா?" என்பார்.
தவணை கட்டியிருந்தால்
"குறைஞ்சிருக்கு மாமா" என்பேன்.
ஜூலையிலும் கேட்பார்.
கட்டாத ஜூலையில்
"கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றேன்.
"பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார்.

ஆறு பேருக்குக் குறைந்தால் வகுப்பு ரத்து.
மூன்றாம் வாரம் பல் மருத்துவமனைப் பெண் நின்றுவிட்டாள்.
தலையை எண்ணினேன்,
பாடம் நடத்திக்கொண்டே மறுபடி எண்ணினேன்.
ஐந்து.
ஒன்பது வாரம் மிச்சம்.
முந்நூற்றுத் தொண்ணூற்றாறு யூரோ
கதவுப்பிடியில் கைவைத்து நின்றது.

அடுத்த செவ்வாய் ஹெர் உலிக்
மனைவியைக் கூட்டிவந்தார்.
அவர் பள்ளியில் படித்தது ரஷ்யன்.
இப்போது பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்காக
பர்மிங்ஹாம்காரன் ஒருவனிடம்
கார்புரேட்டர் பேரம் பேச ஆங்கிலம் வேண்டும்.
மனைவிக்கு எதுவும் வேண்டாம்.
பணம் கட்டி, படிவம் நிரப்பி,
கடைசி வரிசையில் உட்கார்ந்து
சாம்பல் நிறக் காலுறை பின்னத் தொடங்கினார்.

வகுப்பு முடிந்ததும்
மேசைகளில் காலி பாட்டில்கள் நிற்கும்.
கடையில் திருப்பினால்
ஒன்றுக்கு இருபத்தைந்து சென்ட்.
எல்லோரும் இறங்கிப்போன சத்தம் ஓய்ந்தபின்
எடுத்துப் பையில் போடுவேன்.
ஃப்ரௌ உலிக் வந்ததிலிருந்து
கடைசி மேசையில் மட்டும் மூன்று.
தொண்ணூறு நிமிடத்தில் அவ்வளவு தாகம்
எந்த மனுஷிக்கும் எடுக்காது.
முதல் வாரம் அதைத் தொடாமல் வந்தேன்.
இரண்டாம் வாரம் எடுத்தேன்.

நேற்றுப் பாடம் பெயர்ச்சொல்.
'மனி' எண்ண முடியாதது என்று எழுதினேன்.
"அப்படியானால் என் வங்கி இத்தனை நாளாய்
என்னதான் செய்கிறது?" என்றார் ஹெர் உலிக்.
சிரிப்பு அடங்கியதும்
எதற்காக இந்த வகுப்புக்கு வந்தீர்கள்,
ஆளுக்கொரு வாக்கியம் என்றேன்.
பயணத்துக்கு. வேலைக்கு. மருமகனுக்கு. கார்புரேட்டருக்கு.

ஃப்ரௌ உலிக் ஊசியைக் கீழே வைத்தார்.
உதட்டை ஒருமுறை ஈரப்படுத்திக்கொண்டு,
ஏழு வாரத்தில் முதல் முறையாக,
ஒவ்வொரு சொல்லாக இறக்கிவைத்தார்:
"ஐ ஆம் ஹியர் ஃபார் த மனி."

யாரும் சிரிக்கவில்லை.
திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை.
சாக்பீஸைக் கை மாற்றிக்கொண்டேன்.
"மி டூ" என்றேன்.